ஒரு பானைச் சோறும் ஒரு பிடிச் சேறும்

(மும்பையில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். அவ்வழக்கத்தினின்று சற்றே விலகி, "நீங்கள் செய்யும் பணி இன்னதென்று எங்களுக்கு விளங்கும் தமிழிற் சொல்லுங்கள்" என்று செயலாளர் எங்களைப் பணித்தார். எங்கள் பணியோ மேடைக்கு ஏற்ற பொலிவுடையதன்று. படகேறிச் சென்று கடல்நீரை முகந்து வருதலும், கடலடிச் சேற்றை அள்ளி வருதலுமே அது. "சேறு அள்ளுவதற்கும் ஒரு படிப்பா?" என்று எங்கள் உறவினர்களே நகைப்பதுண்டு. படிப்பும் வேண்டும், அதனினும் மேலாக ஒழுக்கமும் வேண்டும் என்பதே இன்று நாங்கள் கூற வந்த செய்தி.

ஒரு சோறு எப்போது பதமாகும்?

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் இல்லங்களில் நாள்தோறும் வழங்கும் பழமொழி. மாதிரி எடுத்தல் என்னும் கலையின் இலக்கணம் இதனுள் அடங்கியுள்ளது எனலாம். ஆயினும் இப்பழமொழி எந்நிலையில் உண்மையாகும் என்று எண்ணிப் பார்த்தோமா? அரிசி ஒரே அரிசியாக இருத்தல் வேண்டும். தீ ஒரே சீராக எரிதல் வேண்டும். அகப்பையிட்டுக் கிளறியும் இருத்தல் வேண்டும். பழைய அரிசியும் புது அரிசியும் கலந்த உலையில் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து முழுப் பானைக்கும் தீர்ப்புக் கூற இயலுமா? அடிப்பிடித்த பானையின் மேற்சோறு மணமாகத்தானே இருக்கும்!

கடல் கிளறிய பானையன்று. மேலே ஒரு நீர், அடியில் ஒரு நீர். பகலில் ஒரு நிலை, இரவில் ஒரு நிலை. சாக்கடை வாயில் ஒரு தன்மை, ஒரு கிலோமீட்டர் அப்பால் வேறொரு தன்மை. எங்கள் கையில் வருவதோ ஒரு புட்டி நீரும் ஒரு பிடிச் சேறும். அவற்றைக் கொண்டு ஒரு விரிகுடாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எவ்விடத்தில் எடுப்பது, எவ்வேளையில் எடுப்பது, எடுத்ததை எவ்வாறு கெடாமற் கொணர்வது என்னும் இம்மூன்றுமே எங்கள் கல்வி. ஆய்வுக்கூடத்தில் எத்துணை விலையுயர்ந்த கருவி இருப்பினும், படகில் நேர்ந்த பிழையை அது திருத்தாது. அப்பிழையைத் துல்லியமாக அளந்து காட்டும், அவ்வளவே.

மும்பையைச் சூழ்ந்த நீர்

நாம் வாழும் இந்நகரின் நீரமைப்பை முதலில் மனத்திற் கொள்வோம். மேற்கே அரபிக்கடல். கிழக்கே துறைமுகமும், அதன் வடபால் ஏறத்தாழ 26 கிலோமீட்டர் நீண்டு செல்லும் தாணே கடற்கழியும். அக்கழி வடமுனையில் உல்லாஸ் ஆற்றுடன் ஒரு குறுகிய வாய்க்காலால் இணைந்துள்ளது. தெற்கில் மட்டுமே அகன்று திறந்துள்ளது. ஆதலின், அதனுட் புகுந்த கழிவு ஒரே வற்றத்தில் வெளியேறிவிடுவதில்லை. நீருடன் முன்னும் பின்னும் ஊசலாடிக்கொண்டே இருக்கிறது. மற்றொரு புறம் மித்தி ஆறு. விகார், பவாய் ஏரிகளின் மிகுநீரைத் தாங்கிப் புறப்பட்டு, சுமார் 18 கிலோமீட்டர் நகரின் நடுவே ஓடி, மாகிம் விரிகுடாவிற் கலக்கிறது. 2005-ம் ஆண்டு ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது அவ்வாறு செய்த அழிவை நம்மிற் பலர் மறந்திருக்க மாட்டோம்.

அந்த மாகிம் கழியின் கரையில் அமைந்ததே தாராவி. திருநெல்வேலிச் சீமையினின்று வந்து, அங்கே தோல் பதனிடும் தொழிலைத் தொடங்கியோரின் வழிவந்தவர்கள் இவ்வவையிலும் இருக்கக்கூடும். அத்தொழிற்சாலைகள் பிற்காலத்தில் அவ்விடம் விட்டு அகற்றப்பட்டன. எனவே இக்கழியின் கதை வேற்றூர்க் கதையன்று; நம் முன்னோர் உழைத்த கரையின் கதை.

அடுத்து, ஓதம். நாளொன்றுக்கு இரு முறை நீர் ஏறுகிறது, இரு முறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றவற்றம் மிகும்; அட்டமியை ஒட்டிய நாட்களிற் குறையும். சென்னைக் கரையில் இவ்வேறுபாடு பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவினதே. மும்பையிலோ அது ஏறத்தாழ 5 மீட்டரை எட்டுவதுண்டு. நீர் ஏறும்போது திறந்த கடலின் தூயநீர் உட்புகுந்து கழிவைத் தணித்துவிடும். வற்றும்போது நகரத்துச் சாக்கடைநீரே மேலோங்கி நிற்கும். ஒரே இடம் ஆறு மணி நேர இடைவெளியில் இரு வேறு இடங்களாகிவிடுகிறது!

இங்கேதான் ஒழுக்கம் தேவைப்படுகிறது. முன்பொரு பணியில், வேலையளித்தவர்களின் சார்பில் வந்த ஒருவர், "உச்சி ஏற்றத்தில் மட்டும் எடுத்தாற் போதுமே, படகு கரைவரை எளிதிற் செல்லும், உங்களுக்கும் நேரம் மிச்சம்" என்று அன்புடன் ஆலோசனை கூறினார். அவர் பொய்யான எண் எதனையும் எழுதச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏற்ற வேளையில் எடுத்த நீரில் காணும் எண் மெய்யான எண்ணே. ஆனால் பாதி மெய். பாதி மெய்யினும் நயமான பொய் உலகில் இல்லை. நாங்கள் ஏற்றத்திலும் எடுத்தோம், வற்றத்திலும் எடுத்தோம். ஒவ்வொரு தாளிலும் மணியையும் ஓத நிலையையும் குறித்தோம். அன்று முதல் அக்குறிப்பு இல்லாத தாளை நாங்கள் ஏற்பதில்லை.

பருவமும் அவ்வாறே. மழைக்கு முன், மழைக்காலம், மழைக்குப் பின் என முப்பருவத்திலும் எடுத்தாலன்றி ஆண்டின் நிலை விளங்காது. மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மாதங்களில் மீன்பிடி படகுகளே கரையேற்றப்பட்டிருக்கும். கொந்தளிக்கும் கடலிற் செல்ல இயலாத நாட்கள் பல. செல்ல முடிந்த நாட்களிற் சென்றே தீரவேண்டும்.

நீரை முகத்தல்

எடுக்க வேண்டிய நிலையங்களை முன்னரே வகுத்துக்கொள்கிறோம். கழிவு விழும் வாய், அதனின்று படிப்படியாக விலகிய இடங்கள், ஒப்புநோக்குதற்குத் தூய்மையான ஓரிடம் என அவை அமையும். செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் கருவி வந்தபின், சென்ற ஆண்டு நின்ற இடத்திற்குச் சில மீட்டர் வேறுபாட்டில் மீண்டும் சென்று நிற்க முடிகிறது. ஆயினும் கோலிப் படகோட்டியின் துணையின்றி எக்கருவியும் பயன்படாது. மூங்கிலை ஊன்றிப் பார்த்தே, "இங்கே களி, அங்கே மணல், அதோ அங்கே சிப்பி" என்று அவர் கூறிவிடுவார்.

இடம் சேர்ந்ததும் படகின் இயந்திரத்தை நிறுத்துகிறோம். நீரோட்டம் வரும் திசையை நோக்கிப் படகின் முன்புறத்தினின்றே மாதிரி எடுக்க வேண்டும். பின்புறத்தில் எடுத்தால் நம் படகின் எண்ணெயையே கடலின் எண்ணெய் என்று அளக்க நேரிடும். முதலில் ஒரு வெண்ணிற வட்டத்தட்டை நீரில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்கிறோம். 1865-ல் செக்கி என்னும் இத்தாலியப் பாதிரியார் கையாண்ட முறை இது. மும்பைக் கழிகளிற் பல நாட்களில் ஒரு முழம் இறங்குமுன்பே தட்டு மறைந்துவிடும்!

ஆழத்து நீரை மேல்நீருடன் கலவாமற் கொணர்வது எப்படி? இரு முனையும் திறந்த ஒரு குழாய்ப் புட்டியைக் கயிற்றில் இறக்குவர். உரிய ஆழம் சேர்ந்ததும், கயிற்றின் வழியே ஒரு சிறு எடையை நழுவ விடுவர். அது சென்று தட்டியதும் இரு வாய்களும் மூடிக்கொள்ளும். கருவியாளர் அவ்வெடையை மெசஞ்சர் என்பர். தூதன் என்று நாம் சொல்லலாம். நார்வே நாட்டு நான்சென் வகுத்த உலோகப் புட்டிக்குப் பதிலாக, 1966-ல் நிஸ்கின் என்னும் அமெரிக்கர் அமைத்த பிளாஸ்டிக் புட்டியே இன்று பெரிதும் வழங்குகிறது. உலோகத்தை அளக்கப் போகும் நீரை உலோகப் புட்டியில் எடுத்தல் தகாதன்றோ?

மேலே வந்த நீரில் முதற்பங்கு பிராணவாயு அளவிடும் புட்டிக்கே உரியது. குழாயைப் புட்டியின் அடிவரை விட்டு, குமிழி எழாமல் நிரப்பி, மேலும் சிறிது நேரம் வழிய விடவேண்டும். ஒரு குமிழி தங்கினும் வானத்துக் காற்றையே நாம் அளப்போம். உடனே, படகிலேயே, மாங்கனீசு உப்பும் காரங்கலந்த அயோடைடும் சேர்க்கிறோம். பிராணவாயு இருந்தாற் பழுப்பு நிற வண்டல் படியும். அறவே இல்லையாயின் அது வெண்மையாகவே நிற்கும். எண்ணைக் காணுமுன்பே அவ்வெண்மையைக் கண்டு நாங்கள் மௌனமாகிவிடுவதுண்டு. ஹங்கேரி நாட்டு விங்க்ளர் 1888-ல் வெளியிட்ட இம்முறை, நூற்றாண்டு கடந்தும் பிற கருவிகளைச் சரிபார்க்கும் உரைகல்லாக விளங்குகிறது.

மற்றப் புட்டிகளுக்கும் தனித்தனி நியமங்கள் உண்டு. உலோகம் காணும் நீர், அமிலத்திற் கழுவிய பிளாஸ்டிக் புட்டியில். பின் அதனுள்ளும் சிறிது அமிலம். எண்ணெய் காணும் நீர் கண்ணாடிப் புட்டியில். ஏனெனில் எண்ணெய் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். நுண்கிருமி காணும் நீர், கிருமி நீக்கிய புட்டியில். வெயில் படாமல் பனிக்கட்டியில் வைத்து, இயன்றவரை ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடம் சேரவேண்டும். இவற்றுடன், தூய நீர் நிரப்பிய ஒரு புட்டியையும் படகில் உடன்கொண்டு சென்று, மற்றவற்றைப் போன்றே திறந்து மூடி, திரும்பக் கொணர்ந்து ஆய்கிறோம். அதில் உலோகம் காணப்படின், அது கடலின் குற்றமன்று. எங்கள் கையின் குற்றம்.

சேற்றை அள்ளுதல்

நீர் இருக்க, சேறு எதற்கு? நீர் வந்துபோகும் விருந்தினன். சேறோ வீட்டில் தங்கியவன். இன்று இரவு திறந்துவிட்ட கழிவு நாளைக் காலை ஓதத்துடன் மறைந்துவிடலாம். ஆனால் அதிலிருந்த பாதரசம், காரீயம், குரோமியம், பூச்சிக்கொல்லி ஆகியவற்றிற் பெரும்பகுதி நுண்ணிய மண்துகள்களில் ஒட்டி, மெல்ல அடியிற் படிந்துவிடும். நீர் மறந்ததைச் சேறு மறவாது.

கடலடியை அறியும் ஆவல் பழமையானது. ஆழம் காண இறக்கும் ஈயக்குண்டின் அடியிற் குழி செய்து, அதிற் கொழுப்பை அப்பி, அதில் ஒட்டிவரும் மணலையும் சிப்பித் தூளையும் கண்டு மேனாட்டு மாலுமிகள் தாம் இருக்கும் இடத்தை உய்த்துணர்ந்தனர். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சாலஞ்சர் கப்பல் கடலடி மண்ணைத் திரட்டி ஒரு புதிய அறிவியலுக்கே அடிகோலியது. இந்நாட்டில், பன்னாட்டு இந்துமாக்கடல் ஆய்வுப் பயணத்தின் பயனாக, 1966-ம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தேசியக் கடலியல் ஆய்வு நிறுவனம் தோன்றியது. கோவாவில் தலைமையிடம் கொண்ட அந்நிறுவனத்தின் வட்டார மையம் ஒன்று மும்பையிலும் உள்ளது.

சேறு அள்ளும் கருவி, இரு கைகளையும் குவித்தாற்போன்ற எஃகுக் கவ்வி. வான் வீன் என்னும் டச்சுக்காரர் 1930-களில் அமைத்தது. அடியைத் தொட்டதும் கொக்கி விடுபடும். கயிற்றை இழுக்க இழுக்கக் கவ்வி மூடிக்கொள்ளும். ஒரு முறை அள்ளுவது பெரும்பாலும் 0.1 சதுர மீட்டர் பரப்பே.

மேலே வந்ததும் உடனே மகிழ்ந்துவிடல் கூடாது. வாயில் ஒரு சிப்பி சிக்கி, கவ்வி சற்றே திறந்திருந்தாலும், ஏறிவரும்போது நுண்மண் கழுவப்பட்டு ஒழுகிவிடும், எஞ்சுவது பருமணலே. அத்தகைய மாதிரியைக் கடலிற் கொட்டிவிட்டு மீண்டும் இறக்குகிறோம். வெயிலில் தோள் நோக, ஐந்தாம் முறையும் இறக்க நேரிடும் நாட்கள் உண்டு. சேற்றின் மேல் தெளிந்த நீர் நின்று, மேற்பரப்பு கலையாதிருந்தால் மட்டுமே ஏற்கிறோம். அதிலும் எஃகைத் தொட்ட ஓரத்தை விடுத்து, நடுவில் மேலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் படலத்தை மட்டும் பிளாஸ்டிக் கரண்டியால் எடுக்கிறோம். அண்மையிற் படிந்தது அதுவேயன்றோ? நிறத்தையும் மணத்தையும் அங்கேயே குறிக்கிறோம். கருநிறமும் அழுகிய முட்டை நாற்றமும், பிராணவாயு அற்ற இடத்தில் நுண்ணுயிர்கள் கந்தக வாயுவை உண்டாக்குகின்றன என்பதன் அடையாளம்.

மற்றொரு பங்கை அரை மில்லிமீட்டர் கண்ணுடைய சல்லடையில் இட்டுக் கழுவினால், சேற்றில் வாழும் புழுக்களும் நத்தைகளும் சிறு சிப்பிகளும் எஞ்சும். பல இனங்கள் கலந்து வாழ்ந்தால் அவ்விடம் நலமுடையது. கழிவைத் தாங்கவல்ல ஓரிரு புழுவினங்கள் மட்டும் ஆயிரக்கணக்கிற் பெருகியிருந்தால், மற்றவை வாழ முடியாமற் போயின என்று பொருள்.

சேறு என்னும் ஏடு

ஒரு நீண்ட குழாயைச் சேற்றிற் செங்குத்தாகச் செலுத்தி எடுத்தால், அடுக்கடுக்காகப் படிந்த காலம் முழுதும் அதனுள் வருகிறது. அதனை ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வில்லைகளாக அரிந்து ஆய்கிறோம். ஏடுகளுக்கு ஆண்டு குறிப்பது எங்ஙனம்? கதிர்வீசும் காரீயம்-210 என்பது சுமார் 22 ஆண்டுகளில் பாதியாகும். அது எத்துணைக் குறைந்துள்ளது என்பதைக் கொண்டு வயதைக் கணிக்கலாம். அணுகுண்டுச் சோதனைகளால் வானிற் பரவிய சீசியம்-137 மிகுந்து படிந்த ஆண்டு 1963; அச்சுவடு கிட்டினால் கணக்குச் சரிபார்க்கப்படும். தொழில்கள் பெருகிய காலம், ஈயம் கலந்த பெட்ரோல் எரிந்த காலம், அது நிறுத்தப்பட்ட காலம் ஆகியவற்றை இவ்வாறு சேற்றிற் படிக்க இயலும். ஆனால் புழுக்கள் துளைத்த இடத்தில் ஏடுகள் குழம்பியிருக்கும்; கப்பல் வழிக்காகத் தூர்வாரிய இடத்தில் ஏடுகளே கிழிந்திருக்கும். அவற்றை அறிந்தே குழாயை இறக்க வேண்டும்.

இன்னுமோர் எச்சரிக்கை. உலோகங்கள் களியில் மிகுதியாகவும் மணலிற் குறைவாகவும் ஒட்டும். ஆகவே மணற்பாங்கான ஓரிடத்தையும் களிப்பாங்கான ஓரிடத்தையும் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டு, "இது தூயது, அது மாசுற்றது" என்று கூறுதல் தவறு. துகளின் பருமனைச் சலித்து அளந்து, ஒத்ததை ஒத்ததோடு ஒப்பிட வேண்டும்.

இத்துணைப் பாடு எதற்கு?

சட்டப்படி நம் நாட்டுக் கரைக்கடல்நீர் ஐந்து வகுப்புகளாகப் பயன்நோக்கிப் பிரிக்கப்பட்டுள்ளது. உப்பளமும் சிப்பி வளர்ப்பும் முதல் வகுப்பு. குளியலும் வணிக மீன்பிடியும் இரண்டாவது. தொழிற்சாலைக் குளிர்விப்பு முதலியன மூன்றாவது. துறைமுக நீர் நான்காவது. கப்பற் போக்குவரத்தும் கட்டுப்பாட்டுடன் கழிவு விடுதலும் ஐந்தாவது. குளிக்கவும் மீன்பிடிக்கவும் உரிய நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமற் பிராணவாயு இருத்தல் வேண்டும். வெதுவெதுப்பான நம் கடல்நீர் முழுநிறைவாகக் கொள்ளக்கூடியதே சுமார் ஆறரை மில்லிகிராம் என்றால், இழப்பதற்கு இடம் எத்துணைச் சிறிது என்பது விளங்கும். இவ்வகுப்புகள் நீருக்கு உரியவை, சேற்றுக்குப் பொருந்தா. நீர் தேர்வில் தேறிவிட்டது என்பதால் சேறும் தேறியது என்று எண்ணிவிடல் ஆகாது.

ஜப்பானில் மினமாட்டா என்னும் மீனவர் ஊரில் நடந்ததை உலகம் அறியும். இரசாயனத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து பல்லாண்டுகள் கலந்த பாதரசம் மீன் வழியாக மக்களின் உடலிற் புகுந்தது. நோய் முதன்முதல் அதிகாரபூர்வமாக அறியப்பட்ட ஆண்டு 1956. கழிவு நின்றது 1968-ல். விரிகுடாவின் அடியில் தங்கிய நச்சுச் சேற்றைத் தோண்டியெடுத்து மூடி முடிக்க 1990 ஆயிற்று. நிறுத்துவதற்கு ஓர் ஆணை போதும். படிந்ததை அகற்ற ஒரு தலைமுறை வேண்டும். காலத்தில் எடுத்த ஒரு பிடிச் சேறு எத்துணைக் கண்ணீரைத் தடுத்திருக்கும்!

நம் கழியிலும் உயிர்கள் சேற்றை நம்பியே வாழ்கின்றன. ஆண்டுதோறும் வரும் பூநாரைகள் அச்சேற்றுப் பரப்பிலேயே இரை தேடுகின்றன. தாணே கழியின் ஒரு பகுதி 2015-ல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. கோலிப் பெண்கள் கூடையிற் கொணரும் மீனையும் இறாலையும் வாங்கிச் சமைப்பவர்கள் நாம். அவர்கள் எங்கள் படகு கரை சேரும்போது கேட்பது ஒரே கேள்வி: "இதைத் தின்னலாமா, கூடாதா?" அக்கேள்விக்கு நேர்மையாக விடை கூற வேண்டுமெனில், மாதிரி நேர்மையாக இருத்தல் வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

அன்பர்களே! "கடல்நீர் தூய்மையாக உள்ளது" என்றோ, "கடல் நஞ்சாகிவிட்டது" என்றோ நாளிதழிற் செய்தி வரும்போது, உடனே நம்பவும் வேண்டா; உடனே மறுக்கவும் வேண்டா. சில கேள்விகளைக் கேளுங்கள். எவ்விடத்தில் எடுத்தார்கள்? ஏற்றத்திலா, வற்றத்திலா? எந்தப் பருவத்தில்? எத்தனை முறை? நீரை மட்டுமா, சேற்றையுமா? இவற்றைக் கேட்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை. சோற்றுப் பானையின் முன் நின்று பழகிய நம் தாய்மார்களின் அறிவே போதும். கேட்பார் உண்டு என்று தெரிந்தால், எடுப்பவர் கை பிழையாது. எடுக்கச் சொல்பவர் நாவும் பிழையாது.

நம் பிள்ளைகள் கணிப்பொறி முன் அமர்ந்து உயர்வது குறித்து மகிழ்கிறோம். அவர்களுள் ஒருவரேனும் இருவரேனும் படகேறவும் முன்வரட்டும். உப்புக்காற்றும் வெயிலும் உண்டு. புகழும் பொருளும் குறைவு. ஆயினும் நமக்குச் சோறிட்ட இந்நகரத்தின் கடலைப் பற்றி ஒரு மெய்யான எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போவதும் நன்றி செலுத்தும் ஒரு வழியே.